மேஜை தட்டும் வேலை

சட்டசபையும் நீதிமன்றமும் ஒரே மண்டபத்துக்கு வந்துவிட்ட பிறகு, காலையில் சட்டம் போடும் உறுப்பினர்களே மதியம் நீதிபதிகள். வீட்டிலிருந்தபடி திரையில் வருவார்கள். ஆளில்லாத முப்பது நாற்காலிகளுக்கும் கறுப்பு அங்கி போர்த்துவது டவாலி முத்தரசனின் வேலை. தீர்ப்பு வந்ததும் அவர்கள் சார்பில் மேஜையைத் தட்டுவதும் அவன்தான்.

அன்றைய வழக்கு அவனுடைய அக்கா பவளம் போட்டது. அவள் புருஷன் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிச் செத்திருந்தான். இறக்கிவிட்ட காண்டிராக்டரும் அந்த முப்பதில் ஒருவர்.

"மனுஷன் சாக்கடையில எறங்குற வேலையே நம்ம மாநிலத்துல இல்லன்னு காலைலதான் சட்டம் போட்டோம். இல்லாத வேலையில எப்படிம்மா ஆள் சாவான்?" என்றார் சபாநாயகர், எதையோ மென்றுகொண்டே. "மனு தள்ளுபடி. ஏற்போர் ஆம் என்க."

திரையில் முப்பது தலைகளும் ஆடின. முத்தரசன் காண்டிராக்டரின் மேஜை உட்பட ஒன்றுவிடாமல் தட்டினான்.

வாசலில் அக்காவின் தோளைத் தொடப்போனான். அவள் விலகிக்கொண்டாள்.

"அவரு சாக்கடையில இருந்து ஏறி வந்த கையால ஊட்டுனாக்கூடத் தின்னிருக்கேன்டா. இந்தக் கையால என்னத் தொடாத."