முதல் அழைப்பு

நீதிபதிகளுக்கு மதிப்பெண் போட வந்த அதிகாரி, கோர்ட் கூடும் முன்பே நீதிபதி அம்மாவின் அறையில் ஆரம்பித்துவிட்டார்.

“அந்தக் கைதி தீர்ப்புக்கு முன்னாடியே ஜெயில்ல செத்தாச்சு, மேடம். தினமும் அந்த ஆளைத்தான் முதல்ல கூப்பிடுறீங்களாமே. நேரத்தை வீணடிச்சா மார்க்குல கை வைப்பேன்.”

“தாராளமா வைங்க. கூப்பிட்டா வர்றவரை எப்படிக் கூப்பிடாம விடுறது?”

கறுப்பு அங்கியை உதறிப் போட்டுக்கொண்டு நீதிபதி கோர்ட்டுக்குள் போய் நாற்காலியில் அமர்ந்தார். அதிகாரி கடைசி வரிசையில் பேனாவும் கையுமாக உட்கார்ந்தார்.

டவாலி வழக்கம்போல அந்தப் பெயரைக் கூவினார். குற்றவாளிக் கூண்டின் குட்டிக் கதவு திறந்து, மூடிக்கொண்டது. வக்கீல்கள் யாரும் தலை நிமிரவில்லை.

நீதிபதி காலிக் கூண்டைப் பார்த்துக் கேட்டார்: “நீங்க செத்துட்டதா அந்த சார் சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?”

தட்டச்சர் பதிலை அடிக்கத் தொடங்கினார். பதில் நீளமாக இருந்தது.