நோ மேடம்

"உங்களையெல்லாம் நல்லா வெச்சிருக்கமான்னு விசாரிக்க வெளிநாட்டு மேடம் வருது. ஸ்ட்ரெஸ், டார்ச்சர், டிஸ்ட்ரெஸ்னு எந்தக் கருமாந்தரத்தைக் கேட்டாலும் 'நோ மேடம்'னு சொல்லோணும். இல்லீனா ஆர்டரும் போயிரும், உங்க வேலையும் போயிரும்" என்றார் பனியன் கம்பெனி முதலாளி தனபால்.

'நாம படற பாட்டுக்கு இங்கிலீசுல இத்தனை பேரா!' என்று அயர்ன் மாஸ்டர் வேலுமணிக்கு இளக்காரமாக இருந்தது.

மேடம் வந்தாள். "டிஸ்ட்ரெஸ்?"

"நோ மேடம்!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

மேடம் உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கிளம்பினாள். வழியனுப்பப் போன முதலாளி தலையில் அடித்துக்கொண்டு திரும்பினார்.

"விசாரிக்க வரலையாமா, ஆர்டர் குடுக்க வந்தாளாமா! ஃபேஷனுக்குன்னு கிழிசல் விட்டுத் தைக்கிற பனியனுக்கு டிஸ்ட்ரெஸ்னு பேராமா. இங்க அது உண்டான்னு கேட்டிருக்கா!"

வேலுமணி சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"கிழிஞ்ச பனியனுங்களா? தமிழ்ல கேட்டிருந்தா, உங்க சம்பளத்துல நான் போட்டிருக்கறதையே காமிச்சிருப்பனேங்க மொதலாளி!"