தூங்கிய நேரம்

மற்ற மாணவர்கள் எல்லாம் இருநூறு மணி நேரம் என்று எழுதிவந்து கையெழுத்து வாங்கிப்போனார்கள். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கான படிவத்தில், தொண்டு செய்த நேரம் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தவள் ஷர்மதா மட்டும்தான். முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர் சிஸ்டர் ஜெசிந்தாவுக்கு அதுவே உறுத்தியது. வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். ஞாயிறுதோறும், கோதண்டம் என்ற முதியவருக்குத் துணையிருந்ததாக அவள் கையெழுத்து இருந்தது. கூட்டினால் நூற்று நான்கு.

"ஏன் குறைச்சு எழுதியிருக்க? என்ன நடந்துச்சு?"

"மீதி நேரம் கோதண்டம் ஐயா தூங்கிட்டாரு சிஸ்டர். நான் என் பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தேன்."

இவ்வளவு நேர்மையை நம்ப சிஸ்டர் தயாராக இல்லை. நேரே கோதண்டத்தின் கட்டிலுக்குப் போய்க் கேட்டார்.

"தூங்கலீங்க," என்றார் அவர். "அந்தப் பாப்பா படிக்கட்டுமேன்னு கண்ணை மூடிக்குவேன்."

"இப்படிச் சொல்லச் சொல்லி அவ சொல்லிக் குடுத்தாளா?"

கிழவர் கண்களை மூடிக்கொண்டார். மூச்சு சீராக வந்தது. வாய்கூட லேசாகத் திறந்துகொண்டது. சிஸ்டர் படிவத்தோடு அப்படியே நின்றார். தினமும் காலையில் தாம் சுற்றி வரும்போதும் கோதண்டம் இப்படித்தான் தூங்கிக்கொண்டிருப்பார்; எழுப்ப வேண்டாமென்று, சிஸ்டர் இத்தனை வருடமும் அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறார்.