ஓணான் போட்ட தோட்டப் படம்

புது வீட்டைச் சுற்றித் தோட்டம் எப்படி அமையவேண்டும் என்று ஓணான் தன் வாலால் மண்ணில் படம் போட்டது. இந்தப் பக்கம் புல்தரை, அந்தப் பக்கம் ரோஜா. போட்டதை ரசிக்கத் திரும்பும்போதெல்லாம் அதே வால் எல்லாவற்றையும் அழித்துவிடும். வால்மேல் ஓணானுக்குச் சந்தேகமே வரவில்லை.

"மண்ணு சரியில்லை" என்று தலையாட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்கும்.

நாவல்பழம் தின்றபடி அணில் கேட்டது, "நான் ஏதாவது செய்யட்டுமாண்ணே?"

"படம் முடியட்டும். அதுவரைக்கும் எதையும் தொடாதே."

அணில் கொட்டையைப் படத்தின் நடுவில் துப்பிவிட்டுப் போனது. மழையும் வெயிலும் மாறி மாறி வந்து பல வருஷங்கள் ஓடின.

ஒரு கோடையில் அணில் எட்டிப் பார்த்தது. நாவல் மரத்து நிழலில் சுகமாகப் படுத்து ஓணான் படம் போட்டுக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதாண்ணே?"

"முடிஞ்ச மாதிரிதான். நடுவுல இந்த மரம்தான் இடைஞ்சலா நிக்குது."