ஒன்பதாம் அத்தியாயம்

“அந்த ஒரு வரியை மட்டும் அடிச்சிடும்மா. உதவித்தொகை உனக்குத்தான்” என்றார் துறைத்தலைவர், பேனாவை அவள் பக்கம் உருட்டிவிட்டு.

மாணவி பேனாவைத் தொடவில்லை. விடுதியில் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பெயர். வாதாடி வாதாடியே வாங்கிய பெயர்.

“எழுதினது உண்மை சார். எதுக்கு அடிக்கணும்?”

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். காலமான வரலாற்றுப் பேராசிரியரின் சீடரான துறைத்தலைவர். பேராசிரியர் பஞ்சத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற வரலாற்று நூலைப் பதினான்காவது பதிப்பு வரை கொண்டுவந்துவிட்ட பதிப்பாளர். மூன்றாவது, பேராசிரியரின் மனைவி. கணவர் பெயரில் இந்த உதவித்தொகையை ஏற்படுத்தியவரே அவர்தான். ஆனாலும் பதினோரு வருடமாக நேர்காணலில் வாயே திறந்ததில்லை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

விண்ணப்பிக்கிறவர்கள் அந்தப் புத்தகத்துக்கு ஒரு மதிப்புரை எழுத வேண்டும். மற்றவர்கள் எல்லாம் ஆஹா ஓஹோ என்று எழுதியிருந்தார்கள். இவளும் பாராட்டித்தான் எழுதினாள். ஆனால் கடைசியில், ‘ஒன்பதாம் அத்தியாயத்தைப் பேராசிரியர் எழுதவில்லை’ என்று போட்டுவிட்டாள்.

“செத்துப்போன மனுஷனைத் திருடன்னு சொல்றியா?” பதிப்பாளர் எகிறினார். “அவர் சம்சாரம் எதிர்லயே உக்காந்திருக்காங்க. அவங்க மனசு என்ன பாடுபடும்?”

மனைவி குனிந்த தலை நிமிரவில்லை.

“திருடன்னு நான் எழுதல சார். வேற யாரோ எழுதினதுன்னுதான் எழுதினேன்.”

“என்ன ஆதாரம்?”

“புத்தகமேதான். மத்த அத்தியாயம் எல்லாத்துலயும் தூரம்னா மைல் கணக்கு. ஒன்பதுல மட்டும், ‘குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தால் அரை நாள்’னு வருது. மத்ததுல யாரு வரி போட்டாங்க, யாரு படை எடுத்தாங்க, அதுதான். இதுல மட்டும், ஒரு படி தானியத்தை வச்சு அஞ்சு வயித்தை எத்தனை நாள் ஓட்டினாங்கன்னு வருது. இது வேற கை சார்.”

துறைத்தலைவரின் முகம் கடுகடுத்தது.

“முப்பது வருஷம் அவர்கூட இருந்தவன் நான். எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்! வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபீஸ் கட்டலைன்னா உன் பேரை எடுத்துடுவாங்க. ஞாபகம் இருக்கா?”

இருந்தது. தையல் கடையில் காஜா எடுத்தே கண் பூத்துப்போன அம்மாவும் ஞாபகத்துக்கு வந்தாள். ஒரே ஒரு கோடு இழுத்தால் இரண்டு வருடப் படிப்பு கையில். அவளுடைய கை மேசை வரைக்கும் போகவும் செய்தது.

பேனாவை எடுத்து, வந்த வழியே திருப்பி உருட்டிவிட்டாள்.

“எடுத்தா எடுக்கட்டும் சார். பொய் சொல்லி வரலாறு படிக்கறதுக்குப் பதிலா, எங்கம்மாகூட உக்காந்து காஜா எடுத்துட்டுப் போறேன்.”

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கதவில் கை வைத்தபோது பின்னாலிருந்து, “நில்லும்மா” என்று ஒரு குரல் கேட்டது. அந்த நேர்காணல் அறை பதினோரு வருடமாகக் கேட்காத குரல்.

“அந்த இடுப்புக் குழந்தை வரி எந்தப் பக்கத்துல வருது?” என்றார் பேராசிரியரின் மனைவி.

“நூத்தி எண்பத்தேழு, மேடம்.”

“அது தப்பு.”

பதிப்பாளர் வெற்றிப் புன்னகையோடு நாற்காலியில் சாய்ந்தார்.

“அரை நாள் இல்லம்மா, முக்கால் நாள். அச்சுல தப்பாப் போட்டாங்க, பதினாலு பதிப்பாத் திருத்தவே இல்ல. பஞ்சத்தைப் பத்தி ஊர் ஊரா விசாரிச்சு நடந்தப்போ என் பொண்ணு நல்ல கனம், நடுவுல மூணு தடவை இடுப்பு மாத்த வேண்டியிருந்துச்சு.”

அந்த அம்மாள் பேனாவை எடுத்து, யாரும் நீட்டாமலேயே, மாணவியின் விண்ணப்பத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

“பதினோரு வருஷமா இந்த உதவித்தொகையை எதுக்குக் குடுக்கறேன்னு நினைச்சீங்க, அவர் பேரு நிலைக்கணும்னா? என்னைக் கண்டுபிடிக்க ஒருத்தராவது வரணும்னுதான்!”