ஈரம் காயாத நாற்காலி

பழைய சாமான் கடை ஒன்றில் கைவைத்த மர நாற்காலி ஒன்று வெகுநாளாக விலைபோகாமல் கிடந்தது. ஒரு காலையில் கடைக்காரர் அதை உப்புத்தாளால் தேய்த்து, மயில்நீலப் பெயிண்ட் அடித்து, வாசலில் நிறுத்தினார்.

"சாயங்காலம் டீச்சரம்மா வந்து பார்ப்பார். அவரும் வேண்டாம் என்றால் நீ விறகுக் கடைக்குத்தான். அதுவரை சும்மா இரு."

நாற்காலிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வழியில் போன பூனையைக் கூப்பிட்டது.

"அக்கா, காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பாரேன்."

பூனை கால் வைத்துப் பார்த்தது. "இல்லை" என்று காலை உதறிக்கொண்டு போய்விட்டது.

நாற்காலி பதறிப்போய்க் கோழியிடம் கேட்டது. "என் மேல் தடம் தெரிகிறதா?"

"கீழேயிருந்து தெரியவில்லை" என்ற கோழி, ஏறி இரண்டு சுற்று நடந்தது. "முதலில் ஒன்றுதான் இருந்தது. இப்போது நிறையத் தெரிகிறது."

சாயங்காலம் டீச்சரம்மா வந்து பார்த்தார். முகம் சுளித்து, "நாளைக்கு ஒருதரம் வருகிறேன்" என்று போய்விட்டார்.

கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே தடங்களைத் துடைத்து, மறுபடி பெயிண்ட் அடித்தார். "இனி யாரையும் கூப்பிட மாட்டேன்" என்று நாற்காலி சத்தியம் செய்தது. அவர் மண்ணெண்ணெயில் கை கழுவ உள்ளே போனார்.

மதில்மேல் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. நாற்காலி வேறு பக்கம் பார்த்தது. கொஞ்ச நேரம்தான் பார்த்தது.

"தம்பி, தொட வேண்டாம். பக்கத்தில் வந்து பார்த்துச் சொன்னால் போதும்."

காகம் பறந்து வந்து, நன்றாகப் பார்க்க வசதியாக, அதன் கைமேல் உட்கார்ந்தது.