பர்கர் பைத்தியம்

"உன் அண்ணிக்குப் பர்கர் பைத்தியம் பிடிச்சிருக்கு. நான் சமைச்சு வெச்சிருக்கறப்பவே கடையிலேருந்து வாங்கித் திங்கறா. கேட்டா, ஆசையா இருக்குங்கறா."

மகள் இன்னும் பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை. அதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணன் ஒண்ணும் சொல்றதில்லையா?"

"அவன் என்ன சொல்வான்? அவனுக்கும் சேர்த்துத்தானே வருது."

மகளுக்குச் சுருக்கென்றது. அம்மா வேறு இளைத்துப் போயிருந்தாள். இந்த மனக்குறைதான் காரணம் என்று தோன்றியது.

அம்மாவின் கைக்கு அப்படி ஒரு பேர். சொந்தக்காரர்கள் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வருவார்கள். அம்மா ஒருநாளும் ருசி பார்த்துச் சமைத்ததில்லை. ருசி பார்க்கிறவளுக்குக் கைப்பக்குவம் போய்விடும் என்பாள். சட்டிமேல் குனிந்து ஆவியை ஒரு இழுப்பு இழுத்து, "உப்பு சரியா இருக்கு" என்றால் சரியாகத்தான் இருக்கும். உப்புக்கு ஏதுடி வாசனை என்று கேலி செய்துகொண்டே அப்பா இன்னொரு தடவை வாங்கிச் சாப்பிடுவார்.

இன்றும் கோழி சூப் கொதித்தது. அம்மா குனிந்தாள், இழுத்தாள், "இன்னும் கொஞ்சம் போடணும்" என்று உப்பை அள்ளிப் போட்டாள்.

தட்டு எடுக்க வந்த அண்ணி, அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு கரண்டி சூப்பை வாயில் விட்டுக்கொண்டாள். உடனே போனை எடுத்தாள்.

"அத்தை, தப்பா நினைக்காதீங்க. இன்னைக்கும் பர்கர் சாப்பிடணும்போல இருக்கு."

"பாத்தியா?" என்றாள் அம்மா மகளிடம். "அமெரிக்காக்காரன் நின்னு சமைக்க நேரமில்லாம கண்டுபிடிச்சது. ஒரு வருஷம் வெச்சாலும் கெடாதாம். எறும்புகூட கிட்ட வராதாம்."

"நல்லதுதானே அத்தை. நமக்குப் போட்டிக்கு ஆளில்லை."

"மைக்ரோவேவ்ல சூடு பண்ணித் தருவான். இருக்கற சத்தெல்லாம் ஓடிப் போயிடும்."

"கதவைச் சாத்திட்டுத்தானே சூடு பண்றாங்க. எங்க ஓடும்?"

மகளுக்கு இந்தக் கிண்டல் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பொட்டலம் வந்தது. ஆளுக்கு ஒன்று. மொறுமொறு கோழி பர்கர், கூடவே வறுத்த உருளைக்கிழங்கு.

"வாங்கினதை வீணாக்க முடியுமா" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மாவும் பிரித்தாள். ரப்பர் என்றாள், தக்கை என்றாள். ஆனால் கடைசித் துணுக்குவரை விடவில்லை.

மகள் தன் பொட்டலத்தைத் தள்ளி வைத்தாள். "எனக்கு அம்மா கைச் சாப்பாடு போதும்."

அண்ணி பதறிப் போய் எழுந்தாள். "சூப் சாயங்காலத்துக்கு இருக்கட்டுமே நாத்தனாரே. அத்தை வைக்கற சூப் மறுவேளைக்குத்தான் ருசி."

"அது மட்டும் வாஸ்தவம்" என்றாள் அம்மா பெருமையாக.

"பரவால்ல அண்ணி. அம்மா சூப் எந்த வேளைக்கும் ருசிதான்." வேண்டுமென்றே கிண்ணம் நிறைய ஊற்றிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள்.

வாயில் வைக்க முடியவில்லை. அவ்வளவு உப்பு.

"எப்படி இருக்கு?" அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மகள் விழுங்கினாள். "உன் கையாச்சேம்மா. அண்ணி சொன்ன மாதிரி, மிச்சத்தைச் சாயங்காலம் குடிச்சுக்கறேன்."

அம்மா படுத்துக் கண்ணயர்ந்ததும் அண்ணி சூப்பில் பாதியைக் கொட்டினாள். மீதியில் வெந்நீரை ஊற்றி, தோல் சீவிய உருளைக்கிழங்கைப் போட்டாள்.

"கிழங்கு போட்டா உப்பை இழுத்துடுமா அண்ணி?" மகள் பின்னால் வந்து நின்றாள்.

"அதெல்லாம் சும்மா. தண்ணி ஊத்தினாத்தான் உப்பு குறையும். கிழங்கு, கொட்டினது தெரியாம சட்டியை நிரப்பறதுக்கு."

"எப்போலேருந்து இப்படி?"

"அத்தைக்குக் காய்ச்சல் வந்துச்சே, அதுக்கு அப்புறம். மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு. ஒருநாள் பால் தீஞ்சு வீடே நாறுது, அவங்க அடுப்புக்குப் பக்கத்துலயே நின்னுட்டிருக்காங்க. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது. வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கறாங்க. நானாப் போய் டாக்டரைக் கேட்டேன். மெதுவாத் திரும்பி வரலாம்னார். அதுவரைக்கும் உங்க சமையல் சரியில்லைன்னு எந்த வாயால சொல்றது? அவங்க பெருமையே அதுதானே."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனுஷியையா பொட்டலத்தைத் தள்ளி வைத்து அவமானப்படுத்தப் பார்த்தோம் என்றிருந்தது.

"அதுக்காகப் பர்கர் பைத்தியம்னு பேர் வாங்கிக்கணுமா அண்ணி? போன்ல அம்மா பேசறதெல்லாம் உங்களைப் பத்தித்தான்."

"பேசட்டுமே. எனக்கு அந்த எண்ணெய் வாடையே ஆகாது. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் திங்கறேன்."

"அப்ப உங்களுக்குப் பிடிச்சதா வேற ஏதாவது வாங்கலாமே?"

அண்ணி கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ருசி தெரியாம அத்தை சாப்பாட்டையே விட்டுட்டாங்க. எதைக் கொடுத்தாலும் ரெண்டு வாய்தான். இது ஒண்ணுதான், மொறுமொறுன்னு கடிக்கற சத்தமாவது காதுல விழுதுன்னோ என்னவோ, முழுசா உள்ளே போகுது. நான் ஆசைப்பட்டாத்தானே, என்னைத் திட்டிக்கிட்டாவது அவங்க வயிறாரச் சாப்பிடுவாங்க?"